பழைய ஸ்லைடு, கேசட், நினைவுப் புத்தகம்: 1,661 வெள்ளிக்கு எங்களுக்குக் கிடைத்தது

ஐந்துக்கு மூன்றரை. நானே விமர்சனம் படிக்கும்போது நட்சத்திரத்தை எண்ணிவிட்டுத்தான் மற்றதைப் படிப்பேன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லைடு ஸ்கேனுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். புத்தகத்துக்கு மூன்று. கேசட்டுக்கு முதலில் ஒன்றுதான் போட்டிருந்தேன், அப்புறம் நாலாக்கினேன், அது ஏன் என்பது கடைசியில் வரும். கடை சிங்கப்பூரில் புகிஸ் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் இருக்கிறது, பழைய ஸ்லைடையும் கேசட்டையும் கணினிக் கோப்பாக்கி நினைவுப் புத்தகமும் அச்சிட்டுத் தருவார்கள், மூன்றே பேர் வேலை செய்கிறார்கள். பெயரைப் போடவில்லை. குறை சொன்னபோது முகத்தைச் சுளிக்காமல் பெரும்பாலானதைத் திருத்திக் கொடுத்தார்கள், அதனால் அவர்களை ஊரறிய இழுத்துவிட மனசு வரவில்லை.

அப்பா போன வருஷம் 86 வயதில் இறந்தார். 1998 வரைக்கும் அரசாங்க மருத்துவமனைகளில் அறுவை மருத்துவராக இருந்தவர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் கிளார்க்காக இருந்தவரின் பையன், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, எடின்பரோ போய் எஃப்.ஆர்.சி.எஸ். என்ற அறுவை மருத்துவத் தகுதி முடித்து வந்தவர். இதெல்லாம் தமிழ் முரசு இரங்கல் விளம்பரத்திலேயே நாலு வரியில் வந்துவிட்டது. அதற்கு மேல் புத்தகம் போட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் வீட்டுக்குக் கீழே, அடுக்குமாடியின் வெற்றுத்தளத்தில் துக்கத்துக்குக் கூடாரம் போட்டிருந்தபோது வந்த ஒருவர். தலை முழுக்க நரைத்தவர், அவரும் அறுவை மருத்துவர்தான், அப்பாவிடம் படித்தவராம். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்கதான் அந்த ஐஸ்கிரீம் பொண்ணா?” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவரே சொன்னார். அப்பா பித்தப்பை பற்றிப் பாடம் எடுக்கும்போது விளக்கை அணைத்துவிட்டு ஸ்லைடு போடுவார், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருட்டில் கல், சீழ், குழாய் என்று வரிசையாக வந்துகொண்டிருக்கும், மாணவர்களுக்குக் கண் சொக்கும் நேரம் பார்த்துத் திடீரென்று திரை முழுக்க ஒரு சின்னப் பெண் மூக்கெல்லாம் ஐஸ்கிரீமோடு நிற்பாள். எல்லோரும் சிரித்து எழுந்து உட்காருவார்கள். அப்பா சிரிக்காமல் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவாராம். “பன்னிரண்டாவது ஸ்லைடுக்கு மேல எவனும் முழிச்சிருக்க மாட்டான்”, இதுதான் அவர் கணக்கு. ஆக முப்பது வருஷத்து மருத்துவ மாணவர்கள் என் முகத்தையும், என் தம்பியின் விழுந்த முன்பல்லையும், தங்கை பிளாஸ்டிக் வாளிக்குள் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். எங்களுக்கு இப்போதுதான் தெரியும்.

அன்றைக்கு ராத்திரியே வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டரை, அதாவது குண்டுப் பாதுகாப்பு அறையை, திறந்து தேடினோம். ஸ்லைடு புரொஜெக்டரில் மாட்டுகிற எட்டு வட்டத் தட்டுகள், தட்டுக்கு 80 குழி, எல்லாம் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். இந்த ஊர் ஈரத்தில் ஃபிலிம் பூஞ்சை பிடித்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும், ஆனால் அப்பாவின் ஸ்லைடுகளில் அது மிகவும் குறைவு. காரணம் அந்தப் பொட்டலங்கள்தான். நீல நிறத்தில் இருக்கும் ஜெல் ஈரத்தைக் குடித்தால் ரோஸ் நிறமாகும், ரோஸ் ஆனதும் அப்பா அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிடுவார், தோசைக்கல்லில் போட்டு வறுப்பார், மறுபடி நீலம் வரும்வரை. அம்மா திட்டுவார். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, தோசைக்கல்லில் போடுகிற சமாச்சாரம் இல்லை, ஒரு டாக்டருக்கு இது தெரியாதா என்று தங்கை வீட்டுக்காரர் இப்போது கேட்கிறார். அவரும் டாக்டர். தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், வேறு கல் தேடச் சோம்பல், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் டாக்டர் யாராவது இருந்து அவருடைய பழைய ஸ்லைடு, ஃபிலிம், நோட்டு எதையாவது கடையில் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் நீங்களே உட்கார்ந்து பிரியுங்கள். மொத்தம் 631 ஸ்லைடுகளில் 417 நோயாளிகளுடையவை. முகம் எதிலும் இல்லை, ஆனால் சட்டத்தின் ஓரத்தில் தேதியும் கேஸ் எண்ணும் அப்பாவின் கையெழுத்தில் இருந்தன. அது எங்கள் சொத்து இல்லை, கடைக்காரர் கண்ணில் படவும் கூடாது. தங்கை வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவற்றைத் தனியே எடுத்துக் கத்தரித்துப் போட்டார். மிச்சம் 214. அவற்றை அந்தந்தக் குழியிலேயே விட்டுத்தான் கடைக்குக் கொண்டுபோனேன். அப்பா எந்தெந்த இடத்தில் எங்களைச் செருகினார் என்பது அந்தக் குழி எண்ணில்தான் இருந்தது, அதனால் “வரிசையை மட்டும் மாத்தாதீங்க” என்று மூன்று தடவை சொன்னேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கடைக்கு வருவோம். முதலாளி அறுபது வயதிருக்கும் ஒரு சீன அங்கிள், முன்பு ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவரிடம் எனக்குப் பிடித்தது, உடனே விலை சொல்லவில்லை. ஐந்து ஸ்லைடை எடுத்து விளக்குப் பலகையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒன்று கோடாக்குரோம், இன்னொன்று எக்டாக்குரோம், இரண்டும் கோடாக் கம்பெனியின் ஸ்லைடு ஃபிலிம்கள். கோடாக்குரோம் இருட்டில் வைத்தால் நிறம் அப்படியே நிற்கும், அந்தக் காலத்து எக்டாக்குரோம் மெல்ல மெல்லச் சிவந்துபோகும், எனவே ஒன்றுக்குத் தூசிதான் பிரச்சினை, மற்றதற்கு நிறம்தான் பிரச்சினை என்றார். தூசியையும் கீறலையும் அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்துத் தானாக நீக்குகிற வசதி ஸ்கேனரில் இருக்கிறதாம், ஆனால் கோடாக்குரோமில் அது சரியாக வராது, சாயத்தையே அழுக்கு என்று நினைத்துப் படத்தைக் கெடுத்துவிடும், ஆகவே அவற்றைக் கையால்தான் துடைக்க வேண்டும், நாளாகும் என்றார். கோடாக் அந்த ஃபிலிமை 2009இல் நிறுத்தியதைச் சொல்லும்போது சொந்தக்காரர் யாரோ போய்விட்டதுபோல ஒரு பெருமூச்சு விட்டார். இந்த மாதிரி ஆளிடம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஸ்லைடுக்கு 90 காசு, கேசட்டுக்கு 18 வெள்ளி, பழைய அச்சுப் படங்கள் 60, தலா 50 காசு, புத்தக வடிவமைப்புக்கு 600, பன்னிரண்டு பிரதிகள் ஒவ்வொன்றும் 48 வெள்ளி. ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்து 1,661 வெள்ளி 80 காசு. மலிவு இல்லை. வேறு இரண்டு இடத்தில் கேட்டேன், ஒரு இடத்தில் ஸ்லைடுக்கு 60 காசுதான், ஆனால் அவர்கள் மொத்தமாக வெளிநாட்டுக்கு அனுப்பிச் செய்வார்களாம், கப்பலில் போய்த் திரும்பி வருகிற அளவுக்கு எனக்கு நெஞ்சுரம் இல்லை.

அங்குலத்துக்கு 4000 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்தார்கள், அதாவது ஒரு தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஃபிலிமிலிருந்து ஏறக்குறைய இரண்டு கோடி புள்ளிகள் உள்ள படம் வரும். இவ்வளவு எதற்கு, தம்பி பெர்த்திலிருந்து வாட்ஸ்அப்பில் பார்க்கத்தானே போகிறான் என்று நினைத்தேன். படங்கள் வந்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு படம். எங்கள் பழைய வீட்டுக் கூடம், 1977ஆம் வருஷம் தீபாவளி என்று நினைக்கிறேன். நாங்கள் மூன்று பேரும் புதுத்துணியில் வரிசையாக நிற்கிறோம், தங்கை வாயில் விரல். பிரேம் போட்டு மாட்டியிருந்த அச்சுப் படத்தில் எங்கள் வலப்பக்கம் ஒரு பிரம்பு நாற்காலியின் கை மட்டும் கறுப்பாக ஏதோ அழுக்கு அப்பியதுபோல் தெரியும். அழுக்கு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது முடிச்சு. கறுப்புப் பட்டுநூல் முடிச்சுகள், ஒன்றோடொன்று ஒட்டி, நாற்காலிக் கை நெடுக ஒரு அட்டைப்பூச்சி படுத்திருப்பதுபோல. அப்பா டிவி பார்த்துக்கொண்டே தையல் நூலை நாற்காலிக் கையில் கட்டுவார், கண் நூலுக்கே போகாது, இடது கை மட்டும் வேலை செய்யும், வலது கையில் எங்களில் ஒருவர் சாய்ந்திருப்போம். ஒரு கையால் முடிச்சுப் போடப் பழகினால்தான் மற்றக் கையால் வேறு வேலை பார்க்கலாம் என்பார். அந்த வேறு வேலை நாங்கள்தான் என்று அப்போது பெருமையாக இருந்தது. வாரக் கடைசியில் அம்மா பிளேடு எடுத்துவந்து எல்லாவற்றையும் அறுத்துப் போடுவார். திங்கட்கிழமை மறுபடி ஒன்று தொடங்கும்.

இன்னொரு படத்தில் ஊட்ரம் மருத்துவமனையில் 1926இல் கட்டிய பௌயர் புளோக், அதன் மணிக்கூண்டு, கீழே அம்மா அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு. பெரிதாக்கினால் மணிக்கூண்டில் நேரம் இரண்டே முக்கால். “பார்த்தியா, ரெண்டே முக்காலுக்குத்தான் வந்து சாப்பிட்டாரு” என்று அம்மா ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கோபத்தை எடுத்துக் கூடத்தில் போட்டார்.

ஸ்கேனுக்கு ஐந்து நட்சத்திரம் இதற்காகத்தான். இனி குறை.

ஸ்லைடுகளைத் திரும்பக் கொடுத்தபோது எட்டுத் தட்டும் காலியாக ஒரு பையில் இருந்தன, ஸ்லைடுகள் மொத்தமும் ஒரு காலணி அட்டைப்பெட்டியில். கோடாக்குரோம் ஒரு பக்கம், எக்டாக்குரோம் ஒரு பக்கம், அதற்குள் நிறவாரியாக வரிசை. அவர்கள் வேலைக்கு அது சௌகரியம்தான். மூன்று தடவை சொன்னேனே என்றால், அங்கிள் அதைத் தாளில் எழுதிவைத்திருக்கிறார், தாள் ரசீதுக்குப் பின்னால் இருந்திருக்கிறது, ஸ்கேன் செய்த பையன் பார்க்கவில்லை. நல்லவேளை, கொடுக்கும் முன்பு மூன்று தட்டுகளைக் கைப்பேசியில் படம் எடுத்துவைத்திருந்தேன். அந்த மூன்றில் 12, 25, 37 என்று அப்பா எங்களைச் செருகிய இடம் தெரிகிறது. மற்ற ஐந்தும் போனது போனதுதான். அங்கிள் மன்னிப்புக் கேட்டார், தள்ளுபடி தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஒரு வாரம் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் பெட்டியைக் கவிழ்த்து எண்ணினேன். எங்கள் வீட்டில் எதையும் ஐந்தைந்தாகத்தான் எண்ணுவோம். அறுவை அறையில் துடைப்புத் துணியை ஐந்து ஐந்தாகக் கட்டிச் சிவப்பு நூல் சுற்றிவைத்திருப்பார்கள், முடிக்கும் முன்பு எண்ணிக்கை சரியாக வந்தால்தான் தைத்து மூடுவார்கள், உள்ளே ஒன்று தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்பாவுக்கு அது வீட்டிலும் விடாது. சாங்கி கடற்கரையிலிருந்து கிளம்பும் முன்பு செருப்பு எண்ணுவார், பத்து வர வேண்டும், துண்டு ஐந்து, பிள்ளைகள் மூன்று. ஒருமுறை ஒன்பது செருப்போடு இருட்டும்வரை தேடியிருக்கிறோம். அவரோடு நெடுநாள் வேலை பார்த்த ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், துக்கத்துக்கு வந்தபோது, எண்ணிக்கை சரி என்று சொன்னதும் அப்பா அறையில் இருக்கிற எல்லோருக்கும், தரை துடைப்பவர் உள்பட, தனித்தனியாக நன்றி சொல்வார் என்றார். எங்களுக்குச் செருப்பு எண்ணிக்கைக்கு நன்றி எதுவும் வந்ததில்லை.

ஸ்லைடுகளில் நாற்பத்திரண்டு அடுக்கு வந்தது, மிச்சம் மூன்று. நாலு இருக்க வேண்டும். இன்னொரு தரம் எண்ணினேன், மூன்றுதான். இரவு ஒன்பது மணிக்கு அங்கிளுக்குச் செய்தி அனுப்பினேன். 214 ஸ்லைடு கொடுத்த எந்த வாடிக்கையாளர் திரும்பி வந்ததை எண்ணிப் பார்ப்பார், அவரும் முதலில் நம்பவில்லை, ஆனால் மறுநாள் காலையிலேயே ஸ்கேனரின் தட்டைக் கழற்றி, அடியில் விழுந்து கிடந்ததை எடுத்து அவரே தோ பாயோவில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றும் பெரிய படமில்லை, யாருடைய கட்டைவிரலோ பாதி மறைத்த ஒரு தென்னைமரம்.

புத்தகத்துக்கு வருகிறேன். அவர்களிடம் ‘பாரம்பரியத் தொகுப்பு’ என்று ஒன்று இருக்கிறது, பிறப்பு, கல்வி, பணி, சாதனை, குடும்பம் என்று ஏற்கெனவே பக்கம் பிரித்துவைத்த அச்சு. அப்பாவின் தொழில் அறுவை மருத்துவர் என்று படிவத்தில் எழுதியதும் வடிவமைப்பாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதல் மாதிரியில் இரண்டு பக்கம் முழுக்க ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்த பழைய படம், அதன் மேல் அப்பாவின் தலையை வெட்டி ஒட்டி, ‘உயிர் காத்த கரங்கள்’ என்று தலைப்பு. நான்தான் பேச்சுவாக்கில் அன்றைக்கு அப்பா போனார் என்று சொல்லியிருந்தேன், என் தப்பு.

1986 மார்ச் 15, சனிக்கிழமை. சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இருந்த லியன் யாக் கட்டடம், ஆறு மாடி, ஒரு நிமிஷத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தோம். அப்பாவுக்கு அழைப்பு வந்து போனார், மூன்றாம் நாள்தான் முழுசாக வீட்டில் இருந்தார். அங்கே என்ன பார்த்தார், எத்தனை பேருக்கு என்ன செய்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்ததும் முழங்கை வரை கை கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார், “ரசம் இருந்தா போதும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு விசாரணை நடந்து, கட்டடத்தை வடிவமைத்தவர்கள் உள்ளே வரப்போகும் பாரத்தைக் கணக்கெடுத்துவிட்டுக் கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்க மறந்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “சொந்த எடையைச் சேர்க்கலையாம்” என்றார். அது பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே வாக்கியம் அது. அப்படிப்பட்டவரின் தலையை வெட்டி அந்தப் படத்தின் மேல் ஒட்டினால் நான் என்ன சொல்வது? எடுக்கச் சொன்னேன். வடிவமைப்பாளருக்கு வருத்தம், “இதுதான் அக்கா புத்தகத்துக்கே ஹைலைட்” என்றார்.

அந்த இரண்டு பக்கத்தில் இப்போது ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பித்தப்பையைத் துளை போட்டு எடுக்கும் முறை இங்கே வந்தபோது அப்பாவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அதுவரை வலது விலாவுக்குக் கீழே நீளமாகக் கீறிக் கையை உள்ளே விட்டுச் செய்தவர், இனிமேல் மூன்று நாலு துளை, உள்ளே கேமரா, கண் திரையில், கை வேறெங்கோ. நோயாளி ஒரு வாரம் படுக்க வேண்டியது போய் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம், ஆனால் டாக்டருக்குத்தான் கை மறுபடி முதலாம் வகுப்பு. அப்பா ஒரு பெரிய கொங் குவான் பிஸ்கட் டின்னில் இரண்டு துளை போட்டு, அதற்குள் சாப்ஸ்டிக்கை விட்டு, எதிரே கண்ணாடி வைத்து, கண்ணாடியைப் பார்த்தபடி உள்ளே இருக்கும் திராட்சையின் தோலை உரிப்பார். நசுங்கியதெல்லாம் எங்களுக்கு. நான் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், ராத்திரி வந்தால் ஒரு கிண்ணம் நசுங்கிய திராட்சை காத்திருக்கும். மாசக் கணக்கில் தின்றோம். கிண்ணம் சின்னதாகச் சின்னதாக அவர் தேறிவருகிறார் என்று புரிந்துகொள்வோம். தம்பி எடுத்த படம் அது, கடைசித் தட்டில் இருந்தது, அப்பா பனியனோடு, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு.

இதைப் போடச் சொன்னபோது வடிவமைப்பாளர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார்.

தமிழ் எழுத்து விஷயம் தனிக்கதை. அம்மாவுக்காகப் பாதிப் புத்தகம் தமிழில். முதல் மாதிரியில் ஐகாரக் கொம்பெல்லாம் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து நிற்கிறது, ஒகர ஓகாரத்திலெல்லாம் புள்ளி வட்டம். யோசித்துப் பாருங்கள், ‘அறுவை சிகிச்சை’ என்ற இரண்டு சொல்லிலும் ஐகாரம், அப்பாவின் தொழிலே சிதைந்துபோய்ப் பக்கத்துக்குப் பக்கம் கிடந்தது. அவர்கள் பயன்படுத்தும் இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்பை வேர்ல்ட் ரெடி என்று மாற்றினால் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும், ஒரு சொடுக்கு. என் மகள் போய்க் காட்டிக்கொடுத்தாள், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நா. கோவிந்தசாமி மாதிரி ஒருவர் கணினியில் தமிழை உட்காரவைக்க உழைத்த ஊர் இது, 1997இல் தமிழ் இணைய மாநாடு நடந்த ஊர், இன்னும் கொம்பு எந்தப் பக்கம் என்று போராடிக்கொண்டிருக்கிறோம். கடையைக் குறை சொல்லிப் பயனில்லை, தமிழ் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை, அவர்களுக்கு அது ஒரு கோலம். ஆனால் ‘தமிழிலும் அச்சிடுவோம்’ என்று பலகை வைத்திருக்கிறார்களே, அதனால்தான் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன். உங்கள் புத்தகத்தில் தமிழ் இருந்தால் அச்சுக்குப் போகும் முன்பு ஒவ்வொரு வரியையும் நீங்களே படித்துவிடுங்கள், நாங்கள் மூன்று சுற்றுப் படித்தும் ஒரு இடத்தில் ‘மருமகன்’ ‘மருகமன்’ ஆகியிருக்கிறார். தங்கை வீட்டுக்காரர் இப்போது அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுச் செய்தி அனுப்புகிறார்.

தாள், கட்டு, அட்டையெல்லாம் அருமை. தையல் கட்டு, பசை இல்லை, விரித்து வைத்தால் மேசையில் தட்டையாகக் கிடக்கிறது. முதலாண்டு திதிக்கு இரண்டு நாள் முன்பு பன்னிரண்டும் கைக்கு வந்துவிட்டன.

இப்போது கேசட். ஏழு கேசட், எல்லாம் தொண்ணூறு நிமிஷம், அப்பா வகுப்புக்காகப் பேசிப் பதிந்துவைத்தவை. அதில் ஒன்றை மட்டும் வீட்டுப் பழைய பெட்டியில் போட்டுக் கேட்டிருந்தேன், உறையில் ‘பித்தப்பை 3’ என்று எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் கல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறார், பின்னால் எங்கள் அடுப்படி. பாத்திரம் விழும் சத்தம், வானொலியில் தமிழ்ச் செய்தி, அம்மா யாரையோ கூப்பிடுகிறார், எட்டு வயசுத் தம்பி எதற்கோ அழுகிறான், அப்பா நடுவில் நிறுத்தி, “அழாதடா, காட்டு, ரத்தம் வரலையே” என்கிறார், மறுபடி கல். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்தக் கேசட்தான். பெட்டியில் அதற்குப் பிறகு நாடா சிக்கிக்கொண்டது, பயந்து எடுத்துவிட்டேன்.

கடையிலிருந்து கோப்பு வந்தது. கேட்டால், அப்பாவின் குரல் அவ்வளவு துல்லியம், பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல. பின்னால் ஒன்றுமே இல்லை. பாத்திரம் இல்லை, செய்தி இல்லை, அம்மா இல்லை. தம்பி அழுகிற இடத்தில் கிணற்றுக்குள் யாரோ முனகுவதுபோல ஏதோ கேட்டு மறைந்தது. இரைச்சலை நீக்கும் மென்பொருளை ஓட்டிவிட்டார்கள். பித்தக்கல் பற்றிய பாடம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. நான் இங்கே ஒரு நட்சத்திரம் போட்டது அன்றைக்குத்தான். அங்கிளுக்கு ஃபோன் போட்டுக் கத்திவிட்டேன், அம்மா குரலைக் குப்பையில் போட்டுவிட்டீர்களே என்று. அவர் நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, எப்போதும் சுத்தம் செய்யாத மூலத்தைத் தனியாக வைத்திருப்போம், யாரும் கேட்பதில்லை, அதனால் கொடுப்பதில்லை என்றார். அரை மணி நேரத்தில் ஏழையும் அனுப்பிவிட்டார், பைசா வாங்கவில்லை. ஒன்றை நாலாக்கியது அப்போதுதான். நீங்கள் கொடுக்கப் போவதானால் முதல் நாளே மூலக் கோப்பும் வேண்டும் என்று கேட்டு, ரசீதின் முன்பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.

திதியன்று எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். தம்பி பெர்த்திலிருந்து வந்திருந்தான், தான் அழுகிற இடம் வந்ததும் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். அம்மாவுக்கு வயது எண்பத்திரண்டு, ஒரு காது மந்தம், ஒலிபெருக்கிப் பக்கம் நல்ல காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அப்பா பேசுவதை அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை, விரலை மட்டும் ஒன்று இரண்டு என்று மடக்கிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு, “இரும்மா, வரேன்” என்கிறார், டக்கென்று ஒரு சத்தம், அத்தோடு நாடா நிற்கிறது.

“ரெண்டு விசில்தான் வந்திருக்கு” என்றார் அம்மா. “மூணு வரணும். அதுக்குள்ள நிறுத்திட்டாரே, அன்னைக்குப் பருப்பு வெந்துச்சா இல்லையான்னே தெரியலையே.”